பதினோராம் நம்பர் கூண்டு

'தூத்துக்குடி துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.' ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் இந்தச் செய்தியைக் கேட்காத தமிழ்க் குடும்பம் உண்டா? கேட்கிறோம், "மழை வரும் போலிருக்கிறதே, துணியை எடுத்து உள்ளே போடு" என்று சொல்கிறோம், அதோடு மறந்துவிடுகிறோம். ஆனால் அந்தக் கூண்டுகளின் கணக்கு இருக்கிறதே, அது மிகவும் சுவாரசியமானது. ஒன்றும் இரண்டும் தூரத்தில் கோளாறு இருக்கிறது என்பதற்கு அறிகுறி. மூன்றும் நான்கும் உள்ளூருக்கு முன்னெச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பேரபாயம்.

அப்படியானால் பதினொன்று? பத்தைவிடப் பெரிய புயலா? அதுதான் இல்லை! வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துபோய், செய்தி எதுவும் வராமல், 'ஏதோ விபரீதம் நடக்கலாம்' என்று துறைமுக அதிகாரி நினைக்கும்போது ஏற்றுவதுதான் பதினோராம் எண் கூண்டு. அதாவது, 'என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது' என்பதற்கு அடையாளம்.

சற்று யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுத் துறைமுகத்தில் எத்தனை நாள் இந்தப் பதினோராம் நம்பர் கூண்டு பறந்துகொண்டிருக்கிறது! கல்லூரியிலிருந்து பெண் வர இருபது நிமிஷம் தாமதம். போன் பண்ணினால் எடுக்கவில்லை. உடனே பஸ் கவிழ்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் நிற்கிறது. "அப்போதே சொன்னேனே" என்று மாமியார் அழுகிறார். எல்லாம் எங்கே? நம் மனத்துக்குள்ளேதான்! பெண் வந்து செருப்பைக் கழற்றிப் போட்டு, "அம்மா, காப்பி" என்கிறாள். பஸ் நிமிர்ந்துகொள்கிறது. ஆனால் அடுப்பில் வைத்த குழம்பு அதற்குள் அடிப்பிடித்துவிட்டது. வராத விபத்துக்குப் பலியானது வந்த குழம்புதான்.

கடற்கரையின் கேள்வி

"கவலைப்படாதீர்கள், நீங்கள் நினைப்பதில் முக்கால்வாசி நடக்கப்போவதில்லை" என்று மற்றவர்கள் சமாதானம் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அமெரிக்காவில், ஓயாத கவலையையே நோயாகக் கொண்டவர்கள் இருபத்தொன்பது பேரைத் தங்கள் கவலைகளைப் பத்து நாள் எழுதிவைக்கச் சொல்லி, பின்னால் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று சரிபார்த்தார்கள். 2020-ல் வெளிவந்தது அதன் முடிவு. நூற்றுக்கு 91 கவலைகள் பலிக்கவே இல்லை!

நல்ல செய்திதான். ஆனால் இதைக் கொண்டுபோய் ஆலந்தலையில் சொல்ல முடியுமா?

திருச்செந்தூருக்குத் தெற்கே சில கிலோமீட்டரில், கடலை ஒட்டி இருக்கிறது ஆலந்தலை. முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கரையில் ஒரு மீனவர் ஊர். இப்படிப்பட்ட ஊர்களில் ஆண்கள் இருட்டோடு படகு தள்ளிக் கடலுக்குப் போவார்கள். பெண்கள் கரையில் இருப்பார்கள். 'மீதி ஒன்பது' என்று புள்ளிவிவரம் சொல்கிறதே, அந்த ஒன்பது எப்படி இருக்கும் என்பது இந்தக் கரைக்குத் தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. கன்னியாகுமரிக் கரையிலும் கேரளக் கரையிலுமாகக் கடலுக்குப் போனவர்களில் இருநூறு பேருக்கு மேல் திரும்பவே இல்லை. புயல் உருவாகு முன்பே பல நாள் பயணமாக ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அவர்களைப் பொறுத்தவரை வாஸ்தவமாகவே தொடர்பு அறுந்துபோயிருந்தது.

கரையில் இருந்தவர்கள் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்துபோய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். "எங்கள் மனிதர்களைத் தேடுங்கள்" என்று கேட்டார்கள். பின்னால் வந்த வருஷங்களில், ஆழ்கடலிலிருந்து செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புவதற்கு இஸ்ரோ உருவாக்கிய கருவிகள் படகுகளில் பொருத்தப்படலாயின.

ஆகையால், 'இந்த நிமிஷத்தில் இரு' என்று சொல்வதற்கு, கண்ணை மூடிக்கொண்டு இரு என்று அர்த்தமில்லை. கடல் பொல்லாதது என்பது தெரிந்தே அதன் பக்கத்தில் சமைத்து, சாப்பிட்டு, பிள்ளை வளர்த்து, தூங்கி எழுந்திருக்க வேண்டும். அதற்கு வழி உண்டா என்பதுதான் கேள்வி. முத்துக்குளித்த காலத்தில் இந்தக் கரை அதற்கு இரண்டு வழிகள் கண்டுபிடித்து வைத்திருந்தது.

பயத்துக்கு ஓர் உத்தியோகஸ்தர்

முத்துக்குளிப்பவர் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவார். எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழம். ஒரு நிமிஷத்தை ஒட்டி மூச்சை அடக்கி, பாரில் கிடக்கும் சிப்பிகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில் 'சுறா வந்தால் என்ன செய்வேன்?' என்று யோசிக்க ஆரம்பித்தால் மூச்சும் நிற்காது, சிப்பியும் சேராது.

இதற்காகவே கரையில் ஒருவர் இருந்தார். அவருக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை! அவர் இல்லாவிட்டால் முத்துக்குளிப்பவர்கள் கடலில் இறங்க மறுத்தார்கள் என்று அந்நாளைய ஆங்கிலேயர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத பிரிட்டிஷ் சர்க்காரும் கடல்கட்டியை விட்டுவைத்துப் படியளந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவும் இப்படிப்பட்ட மந்திரக்காரர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு மீனை மயக்குகிறவர்களுக்கு. அரசாங்க வரியில் சரிபாதி, பயத்துக்குக் கட்டிய வரி! இன்னொரு வேடிக்கையும் அவர் சொல்கிறார். அந்த மந்திரம் பகலில் மட்டுந்தான் செல்லும். இரவில் அதை அவிழ்த்துவிடுவார்களாம். யாராவது திருட்டுத்தனமாக இறங்கினால் சுறா தன் வேலையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான்!

மந்திரத்தால் சுறா வாய் மூடிக்கொண்டதோ இல்லையோ, மனிதன் மனம் மூடிக்கொண்டது. பயப்படும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மற்றவர்கள் வேலையைப் பார்த்தார்கள். அந்தப் பயத்துக்கும் 'இன்ன நேரம் உனக்கு, இன்ன நேரம் எனக்கு' என்று பங்கு பிரித்து வைத்திருந்தார்கள்.

மச்சான் பிடித்த கயிறு

இரண்டாவது வழி, கயிறு. குளிப்பவர் கீழே போனதும் படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருந்து ஒரு சுண்டு வந்தால், அந்தக் கணமே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் சகோதரன் கையில்தான் கொடுப்பார்கள் என்று கரையோரத்தில் சொல்வார்கள். ஏன் தெரியுமா? கயிற்றின் அந்த முனையில் இருப்பது தங்கையின் தாலி அல்லவா!

அந்த மச்சானை நினைத்துப் பாருங்கள். கடலின் அடியில் நடப்பது அவருக்குத் தெரியாது. கவலைப்படுவதற்கு அவரைவிடக் காரணம் உள்ளவர் யார்? ஆனால் 'ஐயோ, தங்கை என்ன ஆவாள்' என்று அவர் எண்ணம் கரைக்குப் போய்விட்டால், சுண்டியது கைக்குத் தெரியாது. ஆகவே அவர் மனம் முழுவதும் உள்ளங்கையில் இருந்தது. கயிறு இறுகுகிறதா, தளர்கிறதா? அவ்வளவுதான். தங்கைமேல் பாசம் குறைந்ததனால் அல்ல. பாசம் இருந்ததனாலேயே அவர் அந்த நிமிஷத்தை விட்டு நகரவில்லை.

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். கடல்கட்டியும் இல்லை, கயிறு பிடித்த மச்சானும் இல்லை. ஆனால் அவர்கள் செய்துவந்த காரியத்தை, கடல் கடந்த ஊர்களில் மனோதத்துவ நிபுணர்கள் வேறு பெயரில் சொல்கிறார்கள்.

கவலைக்கு அரை மணி

1983-ல் தாமஸ் போர்க்கோவெக் என்ற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் ஒரு முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். கவலைப்படாதே என்று அவர்கள் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. "தாராளமாகக் கவலைப்படு, ஆனால் தினமும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், அரை மணி நேரம் மட்டும்" என்றார்கள். மற்ற வேளைகளில் கவலை எட்டிப் பார்த்தால், 'உன் நேரம் சாயங்காலம்' என்று அதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கைவேலையில் கண்ணை வைக்க வேண்டும். நான்கு வாரம் இப்படிச் செய்தவர்களுக்குக் கவலைப்படும் நேரம் குறைந்தது.

நம் வீட்டில் இதற்கு என்ன செலவு? ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில். சாயங்காலம் ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கப் போகும் வேளை மட்டும் வேண்டாம். படுக்கை தூங்குவதற்கு. பகலில் வந்த கவலையை ஒரு வரியில் குறித்துவைத்துவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். ஐந்தரைக்கு உட்கார்ந்து நோட்டைப் பிரித்து ஒவ்வொன்றையும் இப்படிக் கேளுங்கள்: "இதற்கு இன்றைக்கு என் கையால் ஆகக்கூடியது ஏதாவது உண்டா?"

உண்டென்றால் அதை எழுதுங்கள், செய்யுங்கள். 'அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கிறது என்றாளே' என்றால் நாளைக்கே டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். இல்லையென்றால் அதன் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். காலையில் பூதமாக நின்ற கவலை சாயங்காலம் பூனையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நீங்களே சிரிப்பீர்கள். சில நாள் பூதம் பூதமாகவே இருக்கும். அப்போதும் அதை முகத்துக்கு முகம் பார்ப்பது, நாள் முழுவதும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருப்பதைவிட மேல்.

கையில் இருக்கும் கயிறு

மற்ற நேரத்தில்? மற்ற நேரத்தில் கயிறு!

2015-ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சியைச் சொன்னால் சிரிக்கக் கூடாது. அமெரிக்காவில் 51 கல்லூரி மாணவர்களைப் பாத்திரம் தேய்க்கச் சொன்னார்கள்! பாதிப் பேருக்குச் சோப்பின் மணம், தண்ணீரின் சூடு, கையில் பாத்திரத்தின் ஸ்பரிசம் ஆகியவற்றையே கவனித்துக்கொண்டு தேய்க்கும்படி படிக்கக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சும்மா எப்படித் தேய்ப்பது என்று மட்டும். கவனித்துத் தேய்த்தவர்களுக்குப் படபடப்பு 27 சதவிகிதம் குறைந்ததாம். மற்றவர்களுக்குக் குறையவில்லை.

பாத்திரம் தேய்ப்பதற்கு நமக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. ஆலந்தலைக்குத் தெற்கே மணப்பாட்டில் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். ஓலையை எடுத்து ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கோத்துப் போகும்போது எண்ணம் வேறெங்காவது போனால் பின்னல் தப்பிவிடும். பிரித்து மறுபடி போட வேண்டும். மனத்தைக் கைக்குத் திரும்பக் கூட்டிவர ஓலையைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடைக்குமா?

உங்கள் கையில் ஓலை இல்லாவிட்டால் என்ன? பூ இருக்கிறது, கட்டுங்கள். கீரை இருக்கிறது, ஆயுங்கள். அரிசி இருக்கிறது, களையுங்கள். ஒரு விஷயம் மட்டும் ஞாபகமிருக்கட்டும். இடையில் மனம் ஓடிப்போகும். ஓடினால் அதைத் திட்ட வேண்டாம். தெருவுக்கு ஓடும் குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துவருகிற மாதிரி அழைத்துக்கொண்டு வாருங்கள். பத்துத் தடவை ஓடினால் பத்துத் தடவை. அழைத்து வருவதுதான் பயிற்சி.

கூடிய வரையில் அந்த நேரத்தில் செல்போனை எட்டாத இடத்தில் வையுங்கள். நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது, சுண்டாத கயிற்றைச் சும்மா சும்மா இழுத்துப் பார்ப்பது போலத்தான்.

ஏற்றவும் இறக்கவும்

வாஸ்தவமாகவே புயல் வரும் நாள் ஒன்றும் உண்டு. அன்றைக்குக் கூண்டு ஏறத்தான் வேண்டும். 'காற்று பலமாக இருக்கும், கடலுக்குப் போக வேண்டாம்' என்ற வானிலை எச்சரிக்கையைக் கேட்டு, படகை மேட்டில் ஏற்றிக் கட்டுவது கவலை அல்ல, காரியம். மிதவைச் சட்டை இருக்கிறதா என்று பார்ப்பதும் காரியம். குழித்துறைக்கு நடந்ததும் காரியம். காரியம் செய்கிற பயம் நமக்குச் சிநேகிதி. காரியம் ஒன்றும் செய்ய விடாமல் நம்மைச் சுற்றிச் சுற்றி நடக்கவைக்கிற பயந்தான் பகையாளி.

சிலருக்கு நோட்டும் பென்சிலும் போதாமல் போகலாம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, மார்பு படபடத்து, வீட்டு வேலை ஓடவில்லை என்றால், அது குணக்கேடு அல்ல. ஜுரத்தைப் போல ஒரு நோய். குணப்படுத்தக்கூடிய நோய். டாக்டரிடம் போக வெட்கப்பட வேண்டாம். வெளியே போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய இந்த இலவச மனநல உதவியில் தமிழிலும் பேசுவார்கள்.

தூத்துக்குடி துறைமுகத்தில் கூண்டு ஏறிய செய்தியைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். இறக்கிய செய்தி ஒரு மூலையில் இரண்டு வரியில் வந்து போகிறது. ஆனால் புயல் கடந்ததும் தவறாமல் அதை இறக்கித்தான் விடுகிறார்கள். இறக்காத கூண்டை யார் மதிப்பார்கள்? வருஷம் முந்நூற்றறுபத்தைந்து நாளும் பறந்தால், நிஜமாகப் புயல் வருகிற அன்றைக்கு எதை ஏற்றுவது?

இன்று சாயங்காலம் ஐந்தரைக்கு உங்கள் கூண்டையும் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். என்ன நம்பர் பறக்கிறது?