ஒரே எண், மூன்று சாலைகள்

சேலத்திலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் ஒரு லாரியைத் தொடர்ந்து செல்வோம். செங்கப்பள்ளியிலிருந்து நீலாம்பூர் வரை ஆறுவழிச் சாலை. அங்கிருந்து மதுக்கரை வரை கோவை நகருக்குள் நுழையாமல் சுற்றிச் செல்லும் புறவழிச்சாலை. ஏறத்தாழ 28 கிலோமீட்டர். இது இருவழியாகவே போடப்பட்டது. மதுக்கரையைத் தாண்டினால் வாளையாறு வரை நான்குவழி. மூன்றுக்கும் பெயர் ஒன்றே: தேசிய நெடுஞ்சாலை 544. பழைய எண் 47 என்பதைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை!

தேசிய, மாநில, மாவட்ட, கிராமச் சாலை என்ற பகுப்பு 1943-ஆம் ஆண்டின் நாகபுரித் திட்டத்தில் உருவானது. சாலையைப் போடுபவர் யார், பழுது பார்ப்பவர் யார் என்பதை அறிய அது போதும். ஆனால் நாளைய போக்குவரத்தைக் கணிப்பவருக்கு வேண்டியது வேறு. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை பயணங்கள் என்று முதலில் மதிப்பிட்டு, அவற்றைக் கணிப்பொறி சாலைகளில் பங்கிடுகிறது. அதற்குச் சாலையின் பெருமை தெரியாது. கடக்கும் நேரம் மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு சாலையின் வேகத்தையும் கொள்ளளவையும் நாம்தான் சொல்லித் தரவேண்டும்.

இங்கே உதவுவது புவியியல் தகவல் முறை. இதில் சாலை என்பது வரைபடத்தில் ஒரு கோடு. சந்திப்புதோறும் அது துண்டாகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் அட்டவணையில் ஒரு வரி உண்டு. நீளம், அகலம், வழிகளின் எண்ணிக்கை, ஓரத்துக் கடைகள் ஆகியவை அதில் அடங்கும். இவற்றைக் கொண்டே துண்டின் வகை முடிவாகிறது.

வகை தவறினால் என்ன கெட்டுவிடும்? கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் புறவழிச்சாலையைக் கடக்க 28 நிமிடம். நெரிசல் கூடும்போது நேரம் எப்படி நீளும் என்பதற்கு அமெரிக்காவில் 1964-இல் வெளியான சூத்திரம் ஒன்று உண்டு. போக்குவரத்தைக் கொள்ளளவால் வகுத்து, ஈவை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, 0.15-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, அதனால் 28-ஐப் பெருக்கவேண்டும். சமதள இருவழிச் சாலைக்கு நாளொன்றுக்கு 15,000 கார் அலகுகள் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் 1990-ஆம் ஆண்டு அளவு. லாரி 3 அலகு. இருசக்கர வண்டி அரை. நாம் 22,500 அலகுகள் ஓடுவதாகக் கொள்வோம். விடை 49 நிமிடம்!

பெயரைப் பார்த்து மயங்கி நான்குவழி என்று எழுதிவிட்டால் கொள்ளளவு 35,000 ஆகிவிடும். விடையோ 29 நிமிடத்துக்கும் குறைவு. அகலப்படுத்தத் தேவையில்லை என்று கணிப்பொறி அடித்துச் சொல்லிவிடும். லாரிக்காரரோ எதிரே வரும் பேருந்துக்கு அஞ்சி, முன்னால் போகும் டிராக்டரின் பின்னேயே ஊர்ந்துகொண்டிருப்பார்.

அதனால்தான் எண் மாறாவிட்டாலும் நீலாம்பூரிலும் மதுக்கரையிலும் கோட்டை வெட்டி, மூன்று வகையாக எழுதவேண்டியிருக்கிறது. வழிகளைச் செயற்கைக்கோள் படத்தில் எண்ணிவிடலாம். சாலையோரம் நிறுத்திய லாரிகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதை அறிய மட்டும் ஒருவர் நேரில் போய் நின்று பார்க்கவேண்டும்.