பாம்பு சட்டை உரிக்கும் நாட்களில்

பந்து மலைப்பாம்பு வளர்க்கத் தொடங்கியவர்களை முதலில் பதறவைப்பது அதன் கண்தான். நேற்றுவரை கறுத்துப் பளபளத்த கண்ணில் இன்று வெளிறிய நீலம் படர்ந்திருக்கும். உடம்பின் மினுமினுப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும். அடிவயிறு இளஞ்சிவப்பாகத் தெரியும். கண்ணில் ஏதோ நோய் என்று சொட்டுமருந்து தேடி ஓடுபவர்கள் உண்டு. மருந்து எதுவும் வேண்டாம். பாம்பு சட்டை உரிக்கத் தயாராகிறது, அவ்வளவுதான்.

பாம்புத் தோலின் மேலடுக்கு கெரட்டினால் ஆனது. நம் நகமும் முடியும் அதே பொருள்தான். உயிரற்ற அந்த அடுக்கு உடம்போடு சேர்ந்து வளராது, தேய்ந்தாலும் ஆறாது. ஆகவே அதற்கு அடியில் புதிய அடுக்கு ஒன்று முழுதாக உருவாகிறது. பிறகு இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம் சுரந்து பழையதைப் பிரித்துவிடுகிறது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணைக் காப்பது ஒளி ஊடுருவும் ஒரு செதில். அதுவும் தோலின் பகுதிதான் என்பதால் அதன் பின்னாலும் திரவம் சேர்கிறது. நீலம் வருவது அதனால்தான்.

சில நாட்களில் நீலம் தெளிந்து கண் பழையபடி ஆகிவிடும். எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் கவனத்தை விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். உண்மையில் சட்டை கழல்வது அதற்குப் பிறகு, பெரும்பாலும் மூன்று நான்கு நாட்கள் கழித்து. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். குட்டிகள் வேகமாக வளர்வதால் மாதத்துக்கு ஒருமுறைகூட உரிக்கும். வளர்ந்த பாம்புக்கு இடைவெளி கூடும்.

இந்த இரண்டு வாரத்தில் பாம்புக்குத் தேவை ஈரக்காற்று. சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து ஒட்டிக்கொண்டால், பெரும்பாலும் பிழை உரித்த நாளில் நடந்ததல்ல, அதற்கு முந்தைய வாரத்தின் வறட்சியில் நடந்தது. பந்து மலைப்பாம்பின் சொந்த ஊர் கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளும் மத்திய ஆப்பிரிக்காவும். அங்கே மேலே புல்வெளி காய்ந்து கிடந்தாலும், அது பதுங்குவது எலி வளையிலும் கறையான் புற்றிலும். வளைக்குள் காற்று ஈரமாகவே இருக்கும். நாம் கண்ணாடித் தொட்டியில் உண்டாக்க வேண்டியது அந்த வளையைத்தான்.

சாதாரண நாட்களில் ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் இருந்தால் போதும். கண் மங்கத் தொடங்கியதும் 70 வரை ஏற்றுங்கள். ஊகத்தை நம்பாமல் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றைப் பாம்பு படுக்கும் உயரத்தில் வையுங்கள். சென்னைக் காற்றில் இயல்பாகவே ஈரம் அதிகம்தானே என்று தோன்றும். ஆனால் ஏசி ஓடும் படுக்கையறையில் அந்த ஈரம் வற்றிவிடும். டொராண்டோவிலும் லண்டனிலும் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீடுகள் இன்னும் மோசம்.

ஈரத்தைக் கூட்டப் பெரிய செலவு இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்கிச் சூடான பக்கம் நகர்த்தலாம். வலை மூடியின் ஒரு பகுதியை மறைக்கலாம். முழுவதும் அடைத்துவிடக் கூடாது. அடியில் பரப்பிய தென்னை நார்த்தூளில் மூலைகள் வழியாகத் தண்ணீர் ஊற்றினால் கீழே ஈரமும் மேலே உலர்வுமாக இருக்கும். மேற்பரப்பு நாள் முழுக்கச் சொதசொதவென்று கிடந்தால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகிவிடும். இவற்றைவிட எனக்குப் பிடித்த வழி ஈரப்பெட்டி. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் பாம்பு நுழையும் அளவுக்குத் துளை போட்டு, அதன் விளிம்பை மழுங்கத் தேய்த்து, நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை உள்ளே நிரப்புங்கள். பாசியை அழுத்தினால் தண்ணீர் சொட்டக் கூடாது. தேவைப்பட்டபோது பாம்பு தானே உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும்.

பாம்பைத் தனியாக விடுவதும் முக்கியம். கண் மங்கிய பாம்புக்கு உங்கள் கை நிழலாகத்தான் தெரியும். அது மிரளும், சீறும், கொத்தவும் வரும். அடியில் இருக்கும் புதுத் தோலும் மென்மையானது. அதனால் தூக்க வேண்டாம். பல பாம்புகள் இந்த நாட்களில் இரையைத் தொடாது. வளர்ந்த பாம்புக்கு ஓரிரு வாரப் பட்டினி ஒன்றும் செய்யாது.

உரிக்கும் நேரம் வந்ததும் மூக்கைக் கட்டையிலோ கல்லிலோ உரசும். அதற்காகச் சொரசொரப்பான மரப்பட்டை ஒன்று தொட்டியில் இருக்க வேண்டும். சட்டை உதட்டோரத்தில் பிரியும். பிறகு தலையணை உறையை உட்புறம் வெளியே வரும்படி கழற்றுவதுபோல, வால்வரை முழுதாக உருவிக்கொண்டு பாம்பு ஊர்ந்து வெளியேறும்.

உரித்த சட்டையை உடனே எடுத்து, ஈரம் காயும் முன் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செதில்களுக்கு நடுவே மடிந்திருந்த தோலும் விரிந்திருப்பதால் அது பாம்பைவிட நீளமாக இருக்கும். தலைப்பகுதியில் குமிழ்போல இரண்டு வட்ட மூடிகள் தெரிய வேண்டும், அவைதான் கண்செதில்கள். அடுத்து வால்நுனி. அது கூராக மூடி முடிந்திருக்க வேண்டும். நுனி திறந்திருந்தால் மீதி பாம்பின் வாலில் இருக்கிறது என்று அர்த்தம். வாலைச் சுற்றி வளையமாக ஒட்டிய தோல் காயக் காய இறுகும். ரத்த ஓட்டம் நின்று நுனியே செத்துப்போகும்.

உடம்பில் தோல் ஒட்டியிருந்தால் காற்றுத்துளை உள்ள டப்பாவில், பாம்பின் உடம்பு பாதி நனையும் அளவுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, 20 நிமிடம் விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். பிறகு ஈரத் துண்டு ஒன்றைத் தளர்வாகப் பிடித்து அதன் வழியே பாம்பை ஊர்ந்துபோக விட்டால் பெரும்பாலும் தானே கழன்றுவிடும். காய்ந்த தோலைப் பிய்க்காதீர்கள். தேங்காய் எண்ணெய், வாசலின் எதுவும் தடவ வேண்டாம்.

கண்செதில் ஒட்டியிருந்தால் கையே வைக்காதீர்கள். இடுக்கியாலோ ஒட்டுநாடாவாலோ இழுத்தால் அடியில் உள்ள புதுச் செதிலும் சேர்ந்து வந்து கண்ணே போகலாம். ஈரம் சரியாக இருந்தால் அடுத்த உரிப்பில் பெரும்பாலும் அதுவும் சேர்ந்து கழலும். அப்போதும் வராவிட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஈரப்பதம் சரியாக இருந்தும் சட்டை தொடர்ந்து கிழிந்து வந்தால் உண்ணியைச் சந்தேகியுங்கள்: கண்ணோரத்திலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் கடுகைவிடச் சிறிய கருப்புப் புள்ளிகள் தெரியும்.

இது வெளிநாட்டு இனம் வளர்ப்பவர்களுக்கான குறிப்பு. சாரை, நாகம், நம்மூர் மலைப்பாம்பு போன்றவற்றைப் பிடித்து வளர்ப்பது இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்தியாவில் பந்து மலைப்பாம்பு வைத்திருப்பவர்களும் 2024இல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

உரித்து முடித்த பாம்பு பெரும்பாலும் கழிவை வெளியேற்றும். தொட்டியைச் சுத்தம் செய்து, ஈரத்தைப் பழைய அளவுக்கு இறக்கி, ஓரிரு நாள் கழித்து இரை கொடுங்கள். ஊர்வனவற்றிடமிருந்து சால்மொனெல்லா தொற்றலாம் என்பதால் சட்டையைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். உரித்த தேதியையும், சட்டை முழுதாக வந்ததா துண்டாக வந்ததா என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று.