யாருக்கு நல்ல மாநிலம்?

"எங்கள் மாநிலத்தில் வருமான வரியே கிடையாது, தெரியுமா?" என்று மார்தட்டுகிறார் டெக்சாஸ்காரர்.

"வரி இல்லை, சரி, வெயிலுக்கு ஒதுங்க நிழல் உண்டா? எங்கள் கடற்கரைக்கு வந்து பாரும்!" என்று மடக்குகிறார் கலிபோர்னியாக்காரர்.

"கடற்கரை இருக்கிறது, குடியிருக்க வீடு கிடைக்கிறதா? எங்கள் ஊரிலே பனி கொட்டும், ஆனால் பள்ளிக்கூடம் முதல்தரம்!" என்று குறுக்கிடுகிறார் மாசசூசெட்ஸ்காரர்.

அமெரிக்காவில் ஓயாமல் நடைபெறும் பட்டிமன்றம் இது. ஐம்பது மாநிலங்கள், அவற்றுள் வாழ்வதற்கு ஏற்றது எது? ஏடுகள் ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகின்றன. முதலிடம் பெற்ற மாநிலத்தின் ஆளுநர் விழாக் கொண்டாடுகிறார். கடைசி இடம் பெற்ற மாநிலத்தின் ஆளுநர், கணக்கே தவறு என்கிறார். வேலை தேடி அங்கு சென்றுள்ள நம் வீட்டுப் பிள்ளைகளும், "டெக்சாஸா, கலிபோர்னியாவா?" என்று இதே வாதத்தில் இறங்கிவிட்டனர்.

வாதம் புதிதன்று. 1931-ல், நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நேரத்தில், எச். எல். மென்கென் என்ற எழுத்தாளர், தம் தோழர் சார்லஸ் ஆங்காஃபுடன் சேர்ந்து, 'அமெரிக்கன் மெர்குரி' என்ற ஏட்டில் மூன்று பகுதிகளாகக் கட்டுரை தீட்டினார். மற்றவர்கள் மிகச் சிறந்த மாநிலத்தைத் தேடினார்கள். அவரோ மிக மோசமான மாநிலம் எது என்று தேடினார்! செல்வம், கல்வி, உடல்நலம், பொது ஒழுங்கு என்று கணக்குகளை அடுக்கினார். அடிமட்டத்தில் வந்து நின்றது மிசிசிப்பி. மேல் வரிசையில் நின்றது மாசசூசெட்ஸ்.

நூறாண்டு நெருங்குகிறது. பட்டியல் போடும் பழக்கம் மட்டும் போகவில்லை. பட்டியல் போடட்டும், நமக்கு மறுப்பில்லை. ஆனால் எந்தப் பட்டியலைக் கண்டாலும், உழைத்துப் பிழைக்கும் தோழன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். நல்ல மாநிலம், சரி, யாருக்கு?

ஏன் இந்தக் கேள்வி? ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சி.என்.பி.சி. என்ற வணிகத் தொலைக்காட்சி, தொழில் நடத்துவதற்குச் சிறந்த மாநிலம் எது என்று ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2022-ல் முதலிடம் வடகரோலினாவுக்கு. 2023-லும் முதலிடம் வடகரோலினாவுக்கே! ஆக்ஸ்பாம் என்ற அறநிறுவனமும் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. அது தொழிலாளியின் பட்டியல். கூலி எவ்வளவு, பாதுகாப்பு உண்டா, சங்கம் அமைக்க உரிமை உண்டா என்று பார்த்துப் போடும் பட்டியல். ஐம்பது மாநிலங்களுடன் தலைநகர் வாஷிங்டனையும் போர்ட்டோரிக்கோ தீவையும் சேர்த்து அதில் மொத்தம் 52 இடங்கள். அதே 2022-ல், அதே 2023-ல், 52-வது இடத்தில் நின்ற மாநிலம் எது? அதே வடகரோலினா!

ஒரே மாநிலம். ஒரே ஆண்டு. முதலாளி அமர்ந்து பார்த்தால் முதலிடம். தொழிலாளி நின்று பார்த்தால் கடைசி இடம்! கணக்குப் போட்டவர் இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை. அளந்த கோல் வேறு, அவ்வளவுதான்.

தொழிலாளியின் கோல் எதை அளக்கிறது? முதலில் கூலியை. அமெரிக்க மத்திய அரசு வகுத்த குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 7.25 டாலர். 2009-ல் அந்த அளவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அசையவில்லை. வீட்டு வாடகை ஏறிற்று, ரொட்டி விலை ஏறிற்று, இது மட்டும் ஏறவில்லை. மாநிலங்கள் விரும்பினால் கூட்டிக் கொடுக்கலாம். வாஷிங்டன் மாநிலம் 2025-ல் 16.66 டாலர் என்று சட்டம் வைத்திருந்தது. வடகரோலினாவிலும் டெக்சாசிலும் அதே 7.25. வாரம் 40 மணி நேரம் உழைத்தவனுக்கு, அங்கே 666 டாலருக்கு உறுதி. இங்கே 290 டாலருக்குத்தான் உறுதி. கொடி ஒன்றுதான், நாணயம் ஒன்றுதான், நாடும் ஒன்றுதான். கூலியில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு!

அடுத்தது சங்கம். அங்கே 26 மாநிலங்களில் ஒரு சட்டம் இருக்கிறது. அதற்கு இட்ட பெயர் 'வேலை செய்யும் உரிமை'. பெயரைக் கேட்டால் வீட்டுக்கு வீடு வேலை கொடுக்கும் சட்டம் என்றல்லவா எண்ணுவோம்! யாருக்கும் அது வேலை கொடுப்பதில்லை. சங்கம் போராடிக் கூலி உயர்வு வாங்கித் தர வேண்டும். உயர்வு எல்லோருக்கும் உண்டு. ஆனால் எல்லோரும் சந்தா செலுத்த வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதக் கூடாது. இதுதான் சட்டத்தின் சாரம். பந்தியில் உட்கார எல்லோருக்கும் இடம்; அடுப்புக்கு விறகு வாங்கக் காசு கேட்டால் குற்றம்! சங்கத்தின் பெட்டி காலியானால் சங்கம் தானே சாயும் என்பது சட்டம் செய்தவர்களுக்குத் தெரியாதா? வடகரோலினா 1947-லேயே இதை இயற்றிற்று. 1959-ல் ஒருபடி மேலே போய், அரசு ஊழியர் சங்கத்தோடு அரசு எந்த ஒப்பந்தமும் செய்யக் கூடாது என்றும் சட்டம் செய்தது.

மூன்றாவது தண்ணீர். ஆம் தோழர்களே, தண்ணீர்தான்! 2005-ல் கலிபோர்னியா, வெயிலில் வேலை செய்பவர்களுக்குக் குடிநீரும் நிழலும் ஓய்வும் தந்தாக வேண்டும் என்று விதி வகுத்தது. டெக்சாசில் மாநில அரசு அப்படி எதுவும் செய்யவில்லை. ஆஸ்டின் நகரம் 2010-லும், டல்லஸ் நகரம் 2015-லும், கட்டட வேலை செய்பவனுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு என்று தாமே விதி செய்துகொண்டன. பத்தே நிமிடம்! ஒரு குவளை தண்ணீர் குடித்து முகம் துடைத்துக்கொள்ளும் நேரம். 2023-ல் டெக்சாஸ் சட்டமன்றம், மாநிலச் சட்டத்தை மீறி நகரங்கள் இப்படி விதிகள் செய்ய அதிகாரமில்லை என்று ஒரு சட்டம் இயற்றிற்று. மறு ஆண்டே புளோரிடாவும், வெயிலிலிருந்து தொழிலாளியைக் காக்க ஊராட்சிகள் விதி செய்யக் கூடாது என்று தடுத்தது. வருமான வரி இல்லாத மாநிலங்கள் இவை இரண்டும். வரி இல்லை என்று வாழ்த்துப் பாடுவோர், சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனைக் கேட்டு அல்லவா பாட வேண்டும்!

"தொழிற்சாலை வந்தால்தானே வேலை? கூலியைக் கூட்டினால் முதலாளி ஓடிவிட மாட்டானா? டெக்சாசுக்கும் வடகரோலினாவுக்கும் மக்கள் இலட்சக்கணக்கில் குடியேறுகிறார்களே, அவர்கள் என்ன அறிவிலிகளா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். குடியேறுவோர் அறிவிலிகள் அல்லர். கலிபோர்னியாவில் கூலி உயர்வு. அதைவிட உயர்வு வீட்டு விலை! 2024-ல் எடுத்த கணக்கின்படி அந்த மாநிலத்தில் 1,80,000 பேருக்கு மேல் வீடில்லாமல் இருந்தனர். கூலி தரும் இடத்தில் கூரை இல்லை. கூரை கிடைக்கும் இடத்தில் கூலி இல்லை. இரண்டுக்கும் நடுவே பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு அலைகிறான் உழைப்பாளி. கலிபோர்னியாவைச் சொர்க்கம் என்று பாட நாம் பேனா எடுக்கவில்லை. குறை எங்கிருந்தாலும் குறைதான்.

ஆனால் கூலியும் மருந்தும் ஓய்வும் ஓரளவேனும் கிடைக்கும் மாநிலங்கள் இருக்கின்றன அல்லவா? அங்கே அவை எப்படி வந்தன? மண்ணின் வளமா? மலையின் அழகா?

மாசசூசெட்சைப் பாருங்கள். 1912 ஜனவரி. லாரன்ஸ் என்ற பஞ்சாலை நகரம். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வாரத்துக்கு 56 மணி நேர வேலையை 54 ஆகக் குறைத்தது சட்டம். ஆலை முதலாளிகள், "நேரம் குறைந்தது, ஆகவே கூலியும் குறையும்" என்றனர். குறைத்தது சில காசுகள்; ஆனால் அந்தக் காசுகள்தாம் ஏழை வீட்டின் ரொட்டி! இருபதாயிரம் பேருக்கு மேல் தறியை விட்டு வெளியே வந்தனர். இத்தாலியர், போலந்தியர், சிரியர், லித்துவேனியர் என்று எத்தனையோ இனத்தார். ஒருவர் மொழி மற்றவர்க்குப் புரியாது. பசி மட்டும் எல்லோர்க்கும் ஒரே மொழியில் பேசிற்று. உறைபனியில் நின்றனர், உயிர்ப்பலியும் கொடுத்தனர். மார்ச்சில் வெற்றி கண்டனர், கூலி உயர்ந்தது. அதே ஆண்டு ஜூனில், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி என்ற சட்டத்தை அமெரிக்க நாட்டிலேயே முதன்முதலாக இயற்றிய மாநிலம் மாசசூசெட்ஸ்! அதற்கு நெடுங்காலம் முன்பே, 1842-ல், தொழிற்சங்கம் அமைப்பது சதிக் குற்றம் அல்ல என்று தீர்ப்பளித்ததும் அந்த மாநிலத்து உயர்நீதிமன்றம்தான். 1931-ல் மென்கென் போட்ட கணக்கில் அது முன்னே நின்றது தற்செயலா?

ஹவாய்த் தீவுகளைப் பாருங்கள். 2020-ல் அமெரிக்க மாநிலங்களிலேயே மக்கள் நெடுநாள் வாழும் மாநிலம் அது. சராசரி ஆயுள் 80.7 ஆண்டு. கடைசியில் மிசிசிப்பி, 71.9 ஆண்டு. கடற்காற்றுதான் காரணம் என்று எண்ணிவிடாதீர்கள்! அங்குள்ள கரும்புத் தோட்டங்களில், ஜப்பானியனுக்கு எதிராகப் பிலிப்பினோவையும், பிலிப்பினோவுக்கு எதிராக மற்றவனையும் நிறுத்தியே தோட்ட முதலாளிகள் காலம் ஓட்டினார்கள். 1946-ல் எல்லா இனத்தாரும் ஒரே சங்கத்தில் சேர்ந்தனர். சுமார் 26,000 பேர் வேலை நிறுத்தம், 79 நாட்கள்! தோட்டம் பணிந்தது. ஹவாய் 1959-ல் மாநிலமாயிற்று. 1974-ல், வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்கிற எவருக்கும் மருத்துவக் காப்பீடு தர முதலாளி கடமைப்பட்டவன் என்று சட்டம் வந்தது. அங்கும் வீட்டு விலை விண்ணை முட்டுகிறது, மறைக்கவில்லை. ஆயினும் நோய் வந்தால் மருத்துவரிடம் போகலாம் என்ற துணிவு, உழைப்பவன் வீட்டுக்கு வந்துவிட்டது.

"நல்லது, நல்ல மாநிலம் எது என்று தெரிந்தால், மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போய்விடுவதுதானே!" என்று தோன்றும். போனார்கள், தோழர்களே! இலட்சம் இலட்சமாகப் போனார்கள்!

சிகாகோ நகரில் 1905-ல் ராபர்ட் அபட் என்ற கறுப்பினப் பெருமகன் 'சிகாகோ டிபெண்டர்' என்ற ஏட்டைத் தொடங்கினார். தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தாரை அடித்துக் கொன்று மரத்திலே தொங்கவிட்ட காலம். "வடக்கே வாருங்கள், வேலை இருக்கிறது" என்று அழைத்தது அந்த ஏடு. தெற்கிலே பல ஊர்களில் அதை விற்கவிடாமல் தடுத்தார்கள். புகைவண்டியின் படுக்கைப் பெட்டிகளில் பணியாற்றிய கறுப்பினத் தொழிலாளர்கள், கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முடிதிருத்தும் கடையில் ஒருவர் படிக்க, ஊரே சூழ்ந்து நின்று கேட்டது! ஒரு ஏடு எத்தகைய பணியாற்ற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1910-க்கும் 1970-க்கும் இடையே தெற்கை விட்டுக் கிளம்பியவர் சுமார் 60 இலட்சம் பேர். எந்த மாநிலம் நல்லது என்ற கேள்விக்குக் கால்களால் விடை எழுதினார்கள்.

போன இடத்தில் பொன் விளைந்ததா? கூலி கூடுதலாகக் கிடைத்தது, வாக்குச் சீட்டு கிடைத்தது, மறுக்க முடியாது. ஆனால் 1919-ல் அதே சிகாகோவில் இனக் கலவரம் மூண்டு 38 பேர் மாண்டனர். 1966-ல், வீட்டு வசதியில் நீதி கேட்டு மார்ட்டின் லூதர் கிங் அங்கே ஊர்வலம் போனார். அவர் தலையிலே வந்து விழுந்தது கல்! தெற்கிலும் இத்தகைய வெறுப்பைக் கண்டதில்லை என்று அவரே சொல்லும்படி ஆயிற்று. ஊரை மாற்றினார்கள், துன்பத்தில் பாதி கூடவே புகைவண்டி ஏறி வந்துவிட்டது.

போனவர்களைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. உயிர் பிழைக்க ஓடியவனைக் கோழை என்பவன் கொடியவன். ஆனால் எல்லோரும் போய்விடவில்லை. போகாமல் நின்றவர்களின் கதையையும் கேட்க வேண்டும்.

1960 பிப்ரவரி முதல் நாள். ஊர் கிரீன்ஸ்பரோ. கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் நால்வர், வுல்வொர்த் கடைக்குள் நுழைந்தனர். பொருள் வாங்கினர்; அதற்குக் காசு வாங்கிக்கொண்டார்கள். உணவு மேடையின் நாற்காலியில் அமர்ந்து காப்பி கேட்டனர், இல்லை என்றார்கள். எழுந்து போகவில்லை. கடை மூடும்வரை இருந்தனர். மறுநாள் மேலும் பலர் வந்தனர். அதற்கு மறுநாள் இன்னும் பலர். சில வாரங்களில் தெற்கு முழுவதும் நாற்காலிப் போர்! ஜூலையில் அதே மேடையில் கறுப்பினத்தாருக்கு உணவு பரிமாறப்பட்டது. 'இந்த ஊர் ஆகாது' என்று அந்த நால்வரும் வண்டி ஏறியிருந்தால், அந்த மேடை என்ன ஆகியிருக்கும்?

இன்னும் உண்டு. மோட்டார்த் தொழிலாளரின் தாயகமான மிச்சிகன், 2012-ல் சங்கத்தை நலிவிக்கும் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2023-ல் அதே மாநிலம் அதை நீக்கிற்று. இடையிலே என்ன நடந்தது? தேர்தல்! அடிமட்டம் என்று மென்கென் எழுதிவைத்த மிசிசிப்பி, 2013-ல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பில் 49-ம் இடம். அந்த ஆண்டே வாசிப்புக்கென்று தனிச்சட்டம் செய்து, ஆசிரியருக்குப் பயிற்சி தந்து, பள்ளிதோறும் வழிகாட்டிகளை அனுப்பிற்று. 2024-ல் 9-ம் இடம்! 2020-ல் ஆயுளில் கடைசி, 2024-ல் எழுத்தில் முன்வரிசை. கடைசி இடம் என்பது தலையெழுத்தானால், இது எப்படி நடக்கும்?

ஆகவே, ஏட்டிலே பட்டியல் வந்தால் படியுங்கள். யார் கோல் பிடித்து அளந்தார் என்று பாருங்கள். கூலி எவ்வளவு, மருந்து உண்டா, தண்ணீர் குடிக்க நேரம் உண்டா, சங்கம் சேர இடம் உண்டா என்று கேளுங்கள்.

ஆம், ஒன்று சொல்ல மறந்தேன். அந்தக் கிரீன்ஸ்பரோ எந்த மாநிலத்தில் இருக்கிறது தெரியுமா? முதலாளியின் பட்டியலில் முதலிடமும், தொழிலாளியின் பட்டியலில் கடைசி இடமும் பெற்றதே, அந்த வடகரோலினாவில்! நால்வர் அமர்ந்த அந்தக் கடை, 2010 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. பட்டியல் போடுவோர் ஒருமுறை அங்கே போய் அந்த நாற்காலிகளைப் பார்த்துவிட்டு வரட்டும்!