தேரிக்காட்டில் ஒரு சுனை

பிம்ப்ரியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள், "தாத்தா ஊரில் வெறும் மணல்தானே?" என்று வினவுவதுண்டு. சென்ற கோடை விடுமுறையில் அதற்கு விடை காட்ட, திருச்செந்தூரிலிருந்து குடும்பத்துடன் ஜீப்பில் தேரிக்காட்டுக்குப் புறப்பட்டோம்.

இரும்புச் சத்தால் சிவந்த மணற்குன்றுகள், இடையிடையே பனைகள். பாதையை விட்டு விலகியதும் சக்கரங்கள் மணலிற் புதைந்தன. அனைவரும் இறங்கித் தள்ளினோம்.

மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலை அடைந்தபோதோ, செம்மணல் நடுவே மரநிழலில் சுனை! ஐப்பசி, கார்த்திகை மழையை மணல் விரைந்து உறிஞ்சி அடியில் தேக்குகிறது. தாழ்ந்த இடத்தில் அந்நீரே ஊற்றாகிறது.

"மணலுக்குள் தண்ணீரா?" என்று இளையவள் வியந்து நின்றாள். மறுமுறை அவள் அக்கேள்வியைக் கேட்கவில்லை.

அன்பர்களே, அடுத்த விடுமுறையில் தங்கள் மக்களையும் அங்கு அழைத்துச் செல்லுங்கள். பாதையை மட்டும் விட்டு விலகாதீர்கள்!