வீட்டில் கிறிஸ்துமஸ், குருத்வாராவில் லங்கர்: நூறு வருஷத்துக்கு முந்தைய இந்திய - மெக்சிகோ குடும்பங்களின் கதை

அமெரிக்காவில் இருக்கும் இந்தியக் குடும்பங்களில் தீபாவளி விளக்கும் உண்டு, கிறிஸ்துமஸ் மரமும் உண்டு. 'இதெல்லாம் இப்போ ஐ.டி. வேலைக்குப் போனவங்க கொண்டுவந்த பழக்கம்' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால், சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடியே கலிபோர்னியாவில் இப்படி வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. அப்பா பஞ்சாப், அம்மா மெக்சிகோ. பிள்ளைகளுக்கு முதல் பெயர் மரியா, ஹோசே என்றிருக்கும். பின்னாலேயே சிங், கான் என்று வரும்!

யார் இவர்கள்?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து சில ஆயிரம் ஆண்கள் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைக்குப் போனார்கள். பெரும்பாலோர் சீக்கியர்கள், முஸ்லிம்களும் இந்துக்களும் கொஞ்சம் பேர். மர அறுவை ஆலை, ரயில் பாதை என்று வேலை பார்த்துவிட்டு விவசாயத்துக்கு வந்தார்கள். மெக்சிகோ எல்லையை ஒட்டிய இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தி போட்டார்கள். எந்த மதமாக இருந்தாலும் உள்ளூர்க்காரர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் ஒன்றுதான்: 'இந்து'.

ஊரிலிருந்து பெண்ணை அழைத்து வரலாமே?

அதுதான் முடியவில்லை. 1917இல் வந்த குடியேற்றச் சட்டம் இந்தியர்களுக்குக் கதவை அடைத்தது. ஊருக்குப் போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்ற பயம். அங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டலாம் என்றால், இனம் மாறித் திருமணம் செய்ய கலிபோர்னியாவில் தடை. அந்த மாகாண உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது 1948இல்தான்.

மெக்சிகோவில் 1910இல் புரட்சி வெடித்தது. அங்கிருந்து தப்பி வந்த குடும்பங்களும் இதே பருத்திக் காட்டில்தான் வேலை பார்த்தன. பழக்கம் கல்யாணத்தில் முடிந்தது. திருமணப் பதிவுப் படிவத்தில் 'நிறம்' என்ற இடத்தில் இருவருக்குமே 'பழுப்பு' என்று எழுதி, குமாஸ்தாக்கள் வேலையை முடித்தார்கள். இப்படிச் சில நூறு குடும்பங்கள் உருவாகின.

சரி, பண்டிகை யார் பக்கம்?

மதம் பெரும்பாலும் அம்மா பக்கம். பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க தேவாலயத்தில் ஞானஸ்நானம், டிசம்பரில் கிறிஸ்துமஸ். மெக்சிகோ வழக்கத்தில் ஞானத்தகப்பன் என்பவர் கிட்டத்தட்ட சொந்தக்காரர் மாதிரி. அந்த இடத்தில் பல வீடுகளில் நின்றது யார் தெரியுமா? அப்பாவின் பஞ்சாபி நண்பர். சீக்கியரோ முஸ்லிமோ, மாதா கோயிலில் நின்று குழந்தைக்குப் பொறுப்பேற்றார்.

அப்பா பக்கத்துக்கு ஸ்டாக்டன் குருத்வாரா இருந்தது. 1912இல் தொடங்கியது. விசேஷ நாட்களில் தூரத்து ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் அங்கே கூடின. தேவாலயத்தில் முழங்காலிட்ட அதே பிள்ளைகள் இங்கே லங்கர் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

சமையலில் இரண்டு பக்கமும் உண்டு. கல்யாணத்துக்கு முன்பு தாங்களே சமைத்துச் சாப்பிட்ட ஆண்கள், கோழிக்கறியும் ரொட்டியும் செய்ய மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தோர்த்தியா தட்டிய கைக்கு ரொட்டி தட்டுவது கஷ்டமா என்ன? யூபா சிட்டியில் இப்படியொரு குடும்பம் நடத்திய 'எல் ராஞ்செரோ' உணவகத்தில், ரொட்டிக்குள் சீஸ் வைத்த 'ரொட்டி கேசடியா' பிரபலமாக இருந்தது.

எது நின்றது, எது போனது?

போனது, மொழி. அப்பா விடிந்தால் வயலுக்குப் போய்விடுவார். கூலியாட்களிடம் பேசவே அவர் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார். வீட்டில் அம்மா பேசியதும் அதுதான். பிள்ளைகளுக்கு ஸ்பானிஷும் ஆங்கிலமும் வந்தன, பஞ்சாபி வரவில்லை. வாழ்நாள் முழுக்கக் கலந்திருந்தவர்கள் சாவில் பிரிந்தார்கள். சீக்கிய அப்பாவுக்குத் தகனம், அம்மாவுக்குக் கத்தோலிக்கக் கல்லறை.

நின்றவை: குடும்பப் பெயர், கோழிக்கறி, 'நாங்களும் இந்துதான்' என்ற பெருமை.

அந்தப் பெருமைக்கும் சோதனை வந்தது. 1946 சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமையும் வருஷத்துக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடும் தந்தது. 1965 சட்டம் கதவை இன்னும் அகலமாகத் திறந்தது. மனைவி, மக்களோடு புதிய பஞ்சாபிக் குடும்பங்கள் வந்து இறங்கின. அவர்கள் கண்ணுக்கு, பஞ்சாபி பேசத் தெரியாத இந்தக் கத்தோலிக்க சிங்குகள் 'நம்மாட்கள்' இல்லை. அப்பா தலைமுறை காசு போட்டுக் கட்டிய குருத்வாராவில் பிள்ளைகள் விருந்தாளிகளாக நின்றார்கள்.

அதனால் தங்களுக்கென்று ஒரு கொண்டாட்டத்தை உருவாக்கிக்கொண்டார்கள். 1974இல் யூபா சிட்டியில் 'ஓல்ட் டைமர்ஸ்' கிறிஸ்துமஸ் நடனம் தொடங்கியது. அங்கே யாரும் யாரிடமும் 'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்க வேண்டியதில்லை.

இன்றைக்கு இதில் நமக்கு என்ன?

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31 அன்று வந்தன. ஒரே வாசலில் பூசணிக்காயும் அகல் விளக்கும்! பஞ்சாபி அப்பாக்களுக்கு இல்லாத விசா, விமானம், வீடியோ கால் எல்லாம் இன்றைய குடும்பங்களுக்கு இருக்கிறது. நேரம் மட்டும் அன்றைக்குப் போலவே பற்றாக்குறை. அந்த அப்பாக்கள் அடுப்படியில் நின்று கற்றுக்கொடுத்த கோழிக்கறி பேரப்பிள்ளைகள் வரை வந்தது; 'அப்புறம் சொல்லிக்கொடுக்கலாம்' என்று விட்ட மொழி ஒரே தலைமுறையில் போனது.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழ் சரியாக வராத ஒரு பிள்ளை நம்ம ஊர்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வந்து நிற்கும்போது, 'நீ யாரு வீட்டுப் பிள்ளை?' என்று கேட்கிற விதத்தில்தான், அது அடுத்த வருஷமும் வருமா, வராதா என்பது இருக்கிறது.