வங்கப் பஞ்சமும் மண்ணின் ஈரமும்

1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்துக்குக் காரணம் இயற்கையா, ஆட்சியா என்னும் வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றது. 1942இல் பர்மா சப்பானியர் வசமாகவே அந்நாட்டு அரிசி வரத்து நின்றது. பகைவர் கைக்குச் சிக்கலாகாதெனக் கடலோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏறத்தக்க படகுகளை ஆங்கில அரசு கைப்பற்றியது. ஆறுகளே பாதையாக அமைந்த நிலத்தில் படகை இழத்தல் பிழைப்பையே இழத்தலாகும். அன்றைய கல்கத்தாவின் போர்த்தொழிற்சாலைப் பணியாளர்க்குக் குறைந்த விலையில் அரிசி கிடைத்தது. அதே நகரத் தெருக்களில் சிற்றூர் மக்கள் மடிந்தனர். இறந்தோர் ஏறத்தாழ 15 இலட்சம் என 1945இல் விசாரணைக் குழு கூறியது. பிற்கால ஆய்வாளர் அதனை 30 இலட்சம் வரை உயர்த்துவர். உணவின் அளவன்று, அதனைப் பெறும் உரிமை குலைந்தமையே முதன்மைக் காரணம் என்பது 1981இல் அமர்த்தியா சென் முன்வைத்த கருத்து.

2019இல் காந்திநகர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து விமல் மிஸ்ரா குழுவினர், பழைய மழை, வெப்பப் பதிவுகளைக் கொண்டு 1870 முதலான மண் ஈரத்தைக் கணிப்பொறியால் மீட்டுருவாக்கினர். ஏனைய பெரும்பஞ்சங்கள் பலவற்றில் வறட்சி புலப்பட, 1943இலோ மழை இயல்பினும் மிகுந்திருந்தது. எனவே அவ்வாண்டின் வறட்சியைக் காரணம் காட்டுதல் பொருந்தாது. ஆயினும் 1942 அக்டோபரில் மேதினிப்பூரை அழித்த புயலும், அப்பருவ நெல்லைத் தாக்கிய பூஞ்சை நோயும் மண் ஈரக் கணக்கில் அடங்கா. அவற்றால் விளைச்சல் எவ்வளவு குன்றிற்று என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கின்றது.