சந்திரகாந்தமும் சாணைக்காரரும்

கள்ளக்குறிச்சியிலிருந்து எழுதும் வாசகர் ஒருவர், வெள்ளி மோதிரத்தில் பதித்த நிலவுக்கல் ஒன்றை வாங்கியதாகவும், கையைத் திருப்பும்போதெல்லாம் அதன் முதுகில் நீல ஒளி ஒன்று வழுக்கிச் செல்வதாகவும், விற்றவர் அதைச் சந்திரனுடைய ஆகர்ஷணம் என்று விளக்கி மனச்சாந்திக்கும் உத்தரவாதம் அளித்ததாகவும் தெரிவித்து, கல்வராயன் மலையில் இத்தகைய கல் அகப்படுமா என்று கேட்கிறார். சந்திரனை இவ்வியவகாரத்திலிருந்து முதலில் விடுவித்துவிடலாம். அமாவாசையன்று மேசை விளக்கின் கீழும் அந்த நீலம் குறைவின்றி ஓடும். மனச்சாந்தி இப்பகுதியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. மலையைப் பற்றிய கேள்விதான் ரசமானது.

கல்வராயனின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் பாறை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் மேலோட்டில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, அவசரமேயில்லாமல் ஆறியது அது. நிலவுக்கல்லுக்குப் பெயர் பெற்ற காங்கயம் வட்டாரத்திலோ, பெக்மடைட் என்னும் பாறை நரம்புகளிலிருந்து அக்கல் எடுக்கப்படுகிறது. இரண்டிலும் பெல்ஸ்பார் என்னும் கனிமம் உண்டு; நிலவுக்கல்லும் ஒரு பெல்ஸ்பாரே. சரக்கும் ஏறக்குறைய ஒன்றே. பின் ஒன்று ஊமையாகவும் மற்றொன்று ஒளியுடனும் இருப்பானேன்?

இந்த பெல்ஸ்பாரிலுள்ள பொட்டாசியமும் சோடியமும், சுமார் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஒரே படிகத்துக்குள் பேதமின்றிக் கலந்திருக்கும். சூடு தணியத் தணிய, பருமனில் வேறுபட்ட இவ்விரண்டுக்கும் சேர்ந்திருக்கப் பிடிக்காது. கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தப் பரபரப்பில் அடையாளம் தெரியாமல் கலந்து நின்ற பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும், மேளம் ஓய்ந்ததும் தத்தம் மனிதரைத் தேடி நகர்ந்து, பந்தியில் இவர்கள் ஒரு வரிசை, அவர்கள் ஒரு வரிசை என்று மாறிமாறி அமர்ந்துவிடுகிறார்கள். சிலிக்கானும் அலுமினியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த சட்டமாகிய மண்டபத் தூண்கள் இடம் பெயர்வதில்லை. ஆயினும் பருத்தவர் வரிசையும் மெலிந்தவர் வரிசையும் அடுத்தடுத்து அமர்வதால் அவை சற்றே வளைந்துகொடுக்க நேர்கிறது. ஆகவே, எந்தத் திசையில் இலை போட்டால் தூண்களுக்குச் சிரமம் மிகக் குறைவோ, அந்தத் திசையிலேயே எல்லா வரிசைகளும் அமைகின்றன. மண்டபக்காரர் சாவகாசமாகக் கதவைத் திறந்து வைத்திருந்தால், ஒரே வீட்டார் மேலும் மேலும் ஒன்றுகூடி வரிசைகள் தடித்துப்போகும். சீக்கிரம் பூட்டிவிட்டால் மெல்லிய வரிசைகளாகவே அகப்பட்டுக்கொள்வார்கள். சம்பந்திச் சண்டைக்கும் இதில் இடமுண்டு: அந்த இழுபறி முற்றும்போது கல்லுக்குள் பூரான் வடிவத்தில் நுண்ணிய விரிசல்கள் தோன்றுகின்றன.

நிலவுக்கல் சீக்கிரம் பூட்டப்பட்ட மண்டபம். அதன் அடுக்குகள் ஒரு மில்லிமீட்டரில் 10,000-இல் ஒரு பங்கு என்ற அளவில், ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க மென்மையில், நின்றுவிட்டமையால் உள்ளே புகும் கிரணங்களில் நீலத்தையே அதிகமாகத் திருப்பி அனுப்புகின்றன. அடுக்கு தடித்தால் நீலம் வெளிறி வெண்மையாகும். கல்வராயனின் பெல்ஸ்பாருக்குக் கிடைத்த நீண்ட அவகாசம் அடுக்குகளைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே வரிவரியாகத் தெரியுமளவு தடிக்கவைத்துவிட்டது. எனவே, வாசகர் மலையேறிக் கல் பொறுக்கலாம்; நீலத்தை எதிர்பார்ப்பதற்கில்லை.

சரித்திரம் இல்லாமல் இத்தகைய கட்டுரை பூர்த்தியாகாது என்பார்கள். நொய்யற்கரைக் கொடுமணலில் பழந்தமிழர் கல் அறுத்து மணி செய்ததை அகழாய்வுகள் காட்டியிருக்கின்றன, அவ்வளவு போதும். நம் விஷயத்துக்கு அதைவிட நெருக்கமானது, ஸர் சி. வி. ராமன் இரு சகாக்களுடன் இலங்கை நிலவுக்கற்களை ஆராய்ந்து 1950-இல் வெளியிட்ட கட்டுரை. திருச்சியில் பிறந்த அம்மேதைக்கு ரத்தினங்கள்மீது இருந்த மோகம், ராசிபலனைச் சார்ந்ததல்ல.

இனிச் சாணைக்காரர். தனியே பட்டறை வைத்து ஜீவனம் நடத்தும் அத்தொழிலாளி படிக சாஸ்திரம் பயின்றவரல்லர். எனினும் கரட்டுக் கல்லை நீரில் நனைத்து, ஒற்றை விளக்கின் கீழ் அப்படியும் இப்படியும் சாய்த்து, நீலம் பளிச்சிடும் கோணத்தில் நிறுத்தி அடையாளமிடும்போது, அவர் தேடுவது அந்தப் பந்தி வரிசைகளின் தளத்தையே. கல்லைப் பிளந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஏனெனில் பெல்ஸ்பார் சுலபமாகப் பிளக்கும் இரு தளங்களும் வேறு, ஒளியின் தளம் வேறு. கல்லின் அடிப்பரப்பு அத்தளத்துக்கு இணையாக அமைந்தால்தான், கோலின் நுனியில் அரக்கு வைத்து ஒட்டி, சாணையில் உருட்டித் தேய்த்த குமிழின் உச்சியில் ஒளி வந்து உட்காரும். கோணம் பிசகினால் அது ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். கல்லின் விலையும் உடன் ஒதுங்கும். பிறகு ஆபரணம் செய்பவருக்கும் ஒரு நிர்ப்பந்தம் உண்டு: திடீர்ச் சூட்டில் நிலவுக்கல் வெடித்துவிடக் கூடுமாதலால், வெள்ளியைப் பற்றவைக்கும் வேலை முழுவதையும் முடித்து ஆறவிட்டபின்னரே கல்லை அமர்த்தி விளிம்பை மடக்க வேண்டும். அடியில் கறுத்த வெள்ளித் தகடு இருந்தால் நீலம் தூக்கலாகத் தெரியும். இது மோசடியன்று, ரசனை.

மோசடி வேறிடத்தில் இருக்கிறது. ‘ரெயின்போ மூன்ஸ்டோன்’ என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் லாப்ரடோரைட் என்னும் வேறொரு பெல்ஸ்பார், அதுவாவது கல். ‘ஓப்பலைட்’ என்பதோ வெறும் கண்ணாடி. வாசகர் தம் மோதிரத்தை விளக்கின் கீழ் மெல்லத் திருப்பிப் பார்க்கட்டும்: நீலம் ஒரு கோணத்தில் தோன்றி மறுகோணத்தில் மறைந்தால் விசாரத்துக்கு இடமில்லை, எப்படித் திருப்பினாலும் உடம்பெங்கும் ஒரே நீலமாக நின்று, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆரஞ்சுச் சாயல் காட்டினால், விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.